பொற்கிழி தருமிக்கு! பாட்டு எவருக்கு?

மதுரை மாநகரிலே நடந்ததாக ஒரு கதை கூறுவர். பாண்டியனுக்கு ஓர் ஐயம் பிறந்ததாம் – பெண்ணின் கூந்தலுக்கு மணம் இயற்கையிலே உண்டா, இல்லையா என்று! ஏரியிலே நீர் உண்டா, ஏழை வீட்டிலே அடுப்பு எரிந்ததா என்ற ஐயமெல்லாம் எழவில்லை மன்னனுக்கு. கூந்தலைப் பற்றி எழுந்தது. ஐயம் தீர்ப்பாருக்கு ஆயிரம் பொன் என்று அறிவித்துக் கிழி கட்டித் தொங்கவிட்டான். தருமி என்றோர் ஏழை. பாட்டெழுத அறியான், பொன்னின் தேவையை மட்டும் நன்கறிந்தவன். வேறொருவர் எழுதித் தந்த பாட்டை ஏந்தி அவைக்கு வந்தான். நக்கீரர் எழுந்தார், பொருளிலே குற்றம் கண்டார். நெற்றிக்கண் திறந்ததும், பொற்றாமரைக் குளத்திலே புலவர் விழுந்ததும் நாடறிந்த கதை. 1965-இலே அது திரைப்படமாகவும் வந்து, படிக்காதவர் உள்ளத்திலும் பதிந்துவிட்டது.

வழக்கு எதைப்பற்றி நடந்தது? பாட்டின் பொருளைப்பற்றி. முடிவு என்ன? பொற்கிழி தருமிக்கு! எழுதாதவன் கையிலே பரிசு போய்ச் சேர்ந்ததை எவரும் குற்றம் என்று கொள்ளவில்லை. அருள் என்று கொண்டனர். கொண்டதோடு நின்றனரா? திருவிளையாடற் புராணத்திலே ஒரு படலத்துக்கே அதைப் பெயராக்கிப் பெருமைப்படுத்தினர்!

இதைவிடப் பெரிய விந்தை ஒன்றும் உண்டு. அந்தப் பாட்டு குறுந்தொகையிலே இரண்டாம் பாட்டாக இருக்கிறது. பாடியவர் பெயர் இறையனார் என்று தொகை கூறுகிறது. வண்டை விளித்துக் காதலன் பேசும் அருமையான அகப்பாட்டு. காதலித்த உள்ளம் கண்ட பாட்டு; தமிழறிந்த மாந்தன் ஒருவன் யாத்த பாட்டு. அவன் பெயரிலே ‘இறை’ என்ற சொல் இருந்தது, போதாதா புராணிகருக்கு? ஆளை மறைத்தனர், ஆண்டவனைப் பாவலனாக்கினர். ஆக, அந்த ஒரு பாட்டு இருமுறை களவு போயிற்று: பொன் தருமிக்குப் போயிற்று, புகழ் ஆலவாய்க்குப் போயிற்று. எழுதிய புலவனுக்கு எஞ்சியது என்ன? ஒன்றுமில்லை.

“பழங்கதை ஐயா! இன்றைக்கு என்ன?” என்று கேட்கலாம். இன்றைக்கும் கிழி தொங்குகிறது, தோழர்களே! இன்றைக்கும் தருமிகள் வருகிறார்கள். பழைய தருமிக்காவது ஒரு தொல்லை இருந்தது – இரவல் பாட்டைத் தன் பாட்டென்று அவை நடுவே நின்று பொய் சொல்லவேண்டியிருந்தது. புதிய தருமிக்கு அந்தத் தொல்லையும் இல்லை. அவனுக்காக அந்தப் பொய்யைச் சட்டமே சொல்லிவிடுகிறது!

*

எண்ணிப் பாருங்கள். மாசி வீதியிலே ஓர் ஓவியர் என்று கொள்வோம். துணிக்கடை முதலாளி வருகிறார். “சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு படம் வேண்டும். வைகையாறு, மக்கள் வெள்ளம், நடுவிலே நம் கடைச் சேலை உடுத்திய ஒரு பெண்” என்கிறார். பத்து நாள் பாடுபடுகிறார் ஓவியர். கூலி பேசியபடி கிடைக்கிறது. படம் கடையிலே தொங்குகிறது. பார்ப்பவர் புகழ்கின்றனர், ஓவியர் பூரிக்கிறார்.

மறு திங்கள் அதே படம் துணிப்பையிலே காட்சி தருகிறது. அடுத்து நாட்காட்டியிலே. அடுத்து மேலூரிலே, திருமங்கலத்திலே, உசிலம்பட்டியிலே, சோழவந்தானிலே பிளக்ஸ் பலகையாக நிற்கிறது. பிறகு வேறொரு வணிகருக்கு விலை பேசப்பட்டு, பெட்டிகளின் மேலட்டையிலே ஏறிவிடுகிறது. மூலையிலே ஓவியர் தம் பெயரை எழுதியிருந்தார் அல்லவா? அந்த மூலை வெட்டப்பட்டது. அங்கே கடையின் தொலைபேசி எண்! “ஐயா, என் படம்…” என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறார் ஓவியர். “உன் படமா? கைநீட்டிக் காசு வாங்கியது மறந்துபோயிற்றா?” என்று கேட்கிறார் முதலாளி.

மனம் நொந்தவர் வழக்கறிஞரிடம் போகிறார். வழக்கறிஞர் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: “எழுத்திலே ஏதாவது உண்டா?” இல்லை என்கிறார் ஓவியர். “அப்படியானால் முதலாளி சொன்னதுதான் சட்டம்” என்கிறார் அவர்.

உண்மைதான், அதுதான் சட்டம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 1958 ஜனவரி 21 முதல் நடப்பிலிருக்கும் சட்டம். அதன் 17-ஆம் பிரிவு அழகாகத் தொடங்குகிறது: படைத்தவனே படைப்பின் முதல் உரிமையாளன் என்கிறது. படித்ததும் கைதட்டத் தோன்றும். ஆனால், தட்டிய கை தாழ்வதற்குள் விதிவிலக்குகள் வரிசையாக வந்து நிற்கின்றன. அவற்றிலே ஒன்று கூறுகிறது: பிறர் கேட்டுக்கொள்ள, பணம் பெற்று, எடுத்த ஒளிப்படம், தீட்டிய ஓவியம், வரைந்த உருவப்படம், செதுக்கிய அச்சுப்படம், பிடித்த திரைப்படம் ஆகியவற்றுக்கு, மாறான உடன்பாடு இல்லாதபோது, பணம் கொடுத்துச் செய்வித்தவரே முதல் உரிமையாளர்!

நன்றாகக் கவனியுங்கள். ஓவியர் தம் உரிமையை விற்றுவிட்டார் என்று சட்டம் சொல்லவில்லை. அவருக்கு உரிமை பிறக்கவே இல்லை என்கிறது! தூரிகை பிடித்தவன் பெற்றோன் அல்லன். பணப்பை திறந்தவனே பெற்றோன். இதுதான் தீர்ப்பு.

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். அதே துணிக்கடை முதலாளி, ஒரு பாவலரை அழைத்துக் கடைக்கென்று ஒரு பாட்டு எழுதச் சொல்கிறார், பணமும் தருகிறார். பாவலர் அவரிடம் வேலைக்கமர்ந்த ஊழியர் அல்லர். அந்தப் பாட்டின் உரிமை யாருக்கு? பாவலருக்கு! ஒரு சிற்பியிடம் சிலை செய்யச் சொல்கிறார். பதிப்புரிமை யாருக்கு? சிற்பிக்கு! ஓவியமும் ஒளிப்படமும் மட்டும் காசு கொடுத்தவருக்கு. எழுதுகோல் பிடித்தவனுக்கு ஒரு நீதி, தூரிகை பிடித்தவனுக்கு ஒரு நீதி! செய்தி ஏட்டிலே ஊதியம் பெறும் எழுத்தாளரையும் கேலிச்சித்திரக்காரரையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏட்டிலே வெளியிடும் உரிமை ஏட்டு முதலாளிக்கு. மற்ற உரிமை – நூலாக்குவது உட்பட – படைத்தவருக்கு என்று அதே 17-ஆம் பிரிவு பங்கு பிரித்துக் கொடுக்கிறது. பங்கு பிரிக்கத் தெரிந்த சட்டம், மாசி வீதி ஓவியர் முன்னே வந்ததும் கணக்கை மறந்துவிடுவது ஏன்?

*

இந்த விதியின் பிறப்பைத் துருவினால் உண்மை விளங்கும். இது டில்லியிலே முளைத்ததன்று. 1911-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டத்திலே இருந்தது. 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அது இங்கே நடப்புக்கு வந்தது. அக்காலத்திலே உருவப்படம் தீட்டிக்கொண்டவர்கள் யார்? பிரபுக்கள். தீட்டியவர்கள் யார்? பிரபுக்களின் கதவருகே நின்றவர்கள். கதவுக்கு உள்ளேயிருந்தவருக்கும் வெளியே நின்றவருக்கும் வழக்கு வந்தால் சட்டம் எந்தப் பக்கம் நிற்கும்? உள்ளே நின்றது. அந்த விதியைத்தான் விடுதலை பெற்ற நாடு 1957-இலே எடுத்துவைத்துக்கொண்டது. எடுத்ததோடு விட்டதா? ஒளிப்படம், உருவப்படம், அச்சுப்படம் என்றிருந்த பட்டியலிலே ‘ஓவியம்’ என்பதையும் சேர்த்து வலையை விரித்தது!

பிறகு பிரிட்டன் என்ன செய்தது? 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்த விதியைத் தூக்கி எறிந்தது. இன்று அங்கே, பிறர் சொல்லி வரைந்த படமாயினும் பதிப்புரிமை வரைந்தவருக்கே. வேலைக்கமர்ந்த ஊழியர் மட்டுமே விதிவிலக்கு. “அப்படியானால் என் வீட்டுத் திருமணப் படத்தை ஒளிப்படக்காரர் கடைவாசலிலே மாட்டிவிடுவாரே” என்று அஞ்சுவார்க்கும் அங்கே விடை உண்டு. வீட்டுத் தேவைக்கும் தனிப்பட்ட தேவைக்கும் எடுக்கச் சொன்ன படத்தை, சொன்னவர் இசைவின்றி வெளியிடலாகாது என்று 85-ஆம் பிரிவு காப்புத் தருகிறது. உரிமை கலைஞனுக்கு, மறைவுக் காப்பு குடும்பத்துக்கு. இருவர் நலமும் கெடவில்லை. இருவருக்கும் இடம் இருக்கிறது. எழுதிக் கொடுத்தவன் கிழித்தெறிந்துவிட்ட சீட்டை, வாங்கி வைத்தவன் இன்னும் மடியிலே முடிந்து வைத்திருக்கும் மடமையை என்னென்பது!

*

மதுரையிலிருந்து தெற்கே செல்லுங்கள். சிவகாசியும் கோவில்பட்டியும் வரும். தமிழ்நாட்டு வீட்டுச் சுவர்களுக்கெல்லாம் வண்ணம் கொடுத்த ஊர்கள் அவை. கொண்டையராஜு என்ற ஓவியர் – 1898-இலே பிறந்து 1976-இலே மறைந்தவர் – நாடகத் திரைச்சீலைகள் தீட்டிய கையோடு கோவில்பட்டியிலே அமர்ந்து, மாணவர் குழாம் ஒன்றையே உருவாக்கினார். அவரும் அவர் மாணவரும் தீட்டியவை, சிவகாசி அச்சுப்பொறிகளிலே நாட்காட்டிகளாகப் பெருகி ஊரெங்கும் சென்றன. இலக்குமிக்கு எத்தகைய முகம், முருகனுக்கு எத்தகைய புன்னகை என்பதைப் பாமரன் உள்ளத்திலே பதியவைத்தவை ஆகமங்கள் அல்ல, அந்த நாட்காட்டிகள்!

நமக்கு அந்தப் படங்களிடம் பக்தி இல்லை. அவற்றின் முன்னே நாம் கற்பூரம் காட்டமாட்டோம். ஆனால், அவற்றைத் தீட்டிய கை நம் தோழன் கை. படத்தை வணங்குகிறவன் படைத்தவன் பெயரைக் கேட்பதில்லை. வணங்காத நாம் கேட்கிறோம். ஆண்டவனுக்கு முகம் கொடுத்த ஓவியனுக்குச் சட்டம் முகவரிகூடக் கொடுக்கவில்லையே என்று கேட்கிறோம். ஒரு படத்துக்கு ஒருமுறை கூலி. அச்சேறுவதோ ஆயிரம் பதினாயிரம் முறை! கூலி ஒருமுறையோடு நிற்கிறது. வருவாய் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த ஓட்டத்தைத் தம் பக்கம் திருப்பிவிடத் தனி வாய்க்கால் வெட்டத் தேவையில்லை வணிகருக்கு. 17-ஆம் பிரிவே வாய்க்கால்!

*

மறுப்பார் கூற்றுகளையும் கேட்போம். கேளாமல் ஒதுக்குவது பகுத்தறிவன்று.

“கூலி வாங்கினான் அல்லவா? நாற்காலி செய்த தச்சன், உட்காரும்போதெல்லாம் காசு கேட்கிறானா?” என்பர் சிலர். நாற்காலியை வாங்கியவர் அதிலே உட்காரட்டும். படத்தை வாங்கியவர் சுவரிலே மாட்டட்டும். மறுப்பவர் யார்? ஆனால், ஒரு நாற்காலியைக் காட்டியே இலட்சம் நாற்காலி வார்த்தெடுக்கும் பொறி ஒன்று வந்தால், அன்றைக்குத் தச்சனும் கேட்பான்; கேட்கத்தான் வேண்டும். ஓவியர் விற்றது ஒரு படத்தை. படத்தைப் பெருக்கும் உரிமையை அவர் விற்கவில்லை. அதற்கு விலையும் பேசப்படவில்லை. பேசாத விலைக்கு, விற்காத சரக்கை எடுத்துச் செல்வதற்கு அங்காடியிலே என்ன பெயர் வழங்குகிறதோ, அந்தப் பெயரை இதற்கும் வழங்குவோம்.

“கலை தெய்வத்தின் கொடை, அதைக் காசாக்கலாமா?” என்பர் வேறு சிலர். அடடா! ஓவியர் கேட்கும்போது மட்டும் தெய்வம் வருகிறது. வணிகர் விற்கும்போது வருவதில்லையே! நாட்காட்டியின் விலையிலே கலைவாணிக்கு எத்தனை விழுக்காடு ஒதுக்குகிறார்கள்? மதுரைக் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தைப் பாருங்கள். 985 தூண்கள், தூண்தோறும் உளியின் திறம். கட்டுவித்தவர் அரியநாத முதலியார் என்று வழிகாட்டிகள் வாய் ஓயாமல் கூறுவர். செதுக்கியவர்? “யாரோ சிற்பிகள்!” புதுமண்டபம் திருமலை நாயக்கருடையது. அதிலே உளி பிடித்தவர்? “யாரோ!” கல்லிலே உயிர் தந்தவனை ‘யாரோ’ ஆக்கி, கட்டளையிட்டவனைக் கல்வெட்டாக்கியது எது? கையால் உழைப்பது கீழ், வாயால் ஏவுவது மேல் என்று பிறப்பைக்கொண்டு பிரித்த வருணநெறி. 17-ஆம் பிரிவின் விதிவிலக்கை மனு எழுதவில்லை, வெள்ளைக்காரர் எழுதினர். எனினும், மனுவின் மண்ணிலே நட்டவுடன் அது வேர்பிடித்துக்கொண்டது. ஏவியவனே படைத்தவன் என்ற எண்ணம் அந்த மண்ணுக்குப் புதியதன்றே!

மூன்றாவது மறுப்பு ஒன்று உண்டு. அது நம் தோழர்களிடமிருந்தே வருவது; ஆகவே, மதிப்போடு விடை கூறவேண்டியது. “அறிவும் கலையும் பொதுவுடைமை ஆகவேண்டும் என்பவர் நாம். தனியுரிமைக்கு நாமே வாதாடலாமா?” என்கின்றனர். நல்ல கேள்வி. பாரதியாரை எண்ணிப் பாருங்கள். 1921-இலே அவர் மறைந்தார். அவர் பாட்டுகளை இசைத்தட்டிலும் திரையிலும் பயன்படுத்தும் உரிமை வணிகர் கைக்குப் போயிற்று. நாடகக் கலைஞர் டி. கே. சண்முகம் அவர் பாட்டைத் திரையிலே பயன்படுத்தியபோது வழக்கே எழுந்தது. ‘பாரதிக்கு விடுதலை’ என்று நாடு குரல் கொடுத்தது. 1949-இலே ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலிருந்த அரசு அந்த உரிமைகளைத் தன்வசமாக்கியது. பின்னர் பாட்டுகள் மக்கள் உடைமையாயின. பிற்காலத்திலே பாரதிதாசன், அண்ணா முதலியோர் நூல்களும் நாட்டுடைமை ஆயின. மரபுரிமையருக்குப் பரிவுத்தொகையும் தரப்பட்டது.

இதிலே நாம் கற்கும் பாடம் என்ன? மக்கள் பெறுவது வேறு; வணிகர் பறிப்பது வேறு. மக்கள் பெறும்போது படைத்தவன் பெயர் நின்றது, குடும்பத்துக்கு உரியது சென்றது, பாட்டு எல்லார் நாவிலும் ஒலித்தது. வணிகர் பறிக்கும்போது இம்மூன்றிலே ஒன்றேனும் நடக்கிறதா? ஓவியரிடமிருந்து நழுவிய உரிமை பொதுமக்களிடம் வந்து சேரவில்லையே! முதலாளியின் பெட்டகத்திலே அல்லவா பூட்டப்படுகிறது! பொதுவுடைமை பேசி ஓவியரை வெறுங்கையராக்குவது, ஏழையின் வேலியைப் பிடுங்கிப் பணக்காரர் தோட்டத்துக்கு மதில் எழுப்புவதாகும்.

நீண்ட காலத் தனியுரிமைக்கு நாம் வாதாடவில்லை. படைத்தவர் மறைந்து 50 ஆண்டுகள் வரை என்றிருந்த காலஅளவை 1992-இலே 60 ஆக உயர்த்தினார்கள். ஏன்? 1941-இலே மறைந்த தாகூரின் நூல்களுக்கு உரிமைக்காலம் முடியும் நேரம் வந்தது. விசுவபாரதி நிறுவனத்தின் உரிமை நீளவேண்டும் என்றனர். டில்லி விரைந்து எழுந்தது. மறைந்த பெருங்கவிஞரின் நிறுவனத்துக்காகப் பத்தாண்டு நீட்டிக்கத் தெரிந்த நாடாளுமன்றத்துக்கு, உயிரோடு இருக்கும் ஓவியருக்காக ஒரு வரியை நீக்கத் தெரியவில்லை! இறந்த பின் அறுபது ஆண்டு யார் கேட்டார்கள்? இருக்கும்போது உரிமை கொடு என்றுதான் கேட்கிறோம்.

*

போராடினால் சட்டம் திருந்தும் என்பதற்கும் சான்று உண்டு; திரைத்துறையே சான்று. 1977-இலே உச்சநீதிமன்றம், பட முதலாளி பணம் கொடுத்து இசையமைக்கவும் பாட்டெழுதவும் செய்தால் அவரே உரிமையாளராகலாம் என்று தீர்ப்பளித்தது. அன்று அமர்ந்திருந்த நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், பாடுகின்றவனுக்கு இந்தச் சட்டத்திலே இடமே இல்லையே, நாடாளுமன்றம் எண்ணிப்பார்க்க வேண்டாமா என்ற கருத்தில் தனிக் குறிப்பு எழுதினார். 1994-ஆம் ஆண்டுத் திருத்தம்தான் பாடகர், நடிகர் முதலிய நிகழ்த்துவோருக்குத் தனியுரிமை என்ற ஒன்றை ஏட்டிலே ஏற்றியது. மதுரையிலே 1922-இலே பிறந்த டி. எம். சௌந்தரராசன் அதற்குள் எத்தனை எத்தனை பாட்டுகள் பாடி முடித்துவிட்டார்! தேநீர்க் கடையிலே, திருமண வீட்டிலே, தேர்தல் மேடையிலே அவர் குரல் ஒலிக்காத நாள் உண்டா? அந்தக் குரலின் உச்சக் காலம் முழுவதும், குரலுக்கு உரியவர் என்று ஒருவர் உண்டு என்பதே சட்டத்துக்குத் தெரியாது!

2012-இலே பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையிலே வாதாடினார், திருத்தம் நிறைவேறியது. படத்திலும் இசைத்தட்டிலும் இடம்பெறும் பாட்டுக்கும் இசைக்கும் உரிய தொகையிலே சமபங்கு பெறும் உரிமையை, எழுதியவரும் இசையமைத்தவரும் முதலாளிக்கு எழுதிக்கொடுக்க முயன்றாலும் செல்லாது என்று சட்டம் வகுத்தது. திரைப்படத்திலே இடம்பெறும் படைப்புகளைப் பொறுத்தவரை, நாம் கண்டித்த விதிவிலக்கு படைத்தவரின் உரிமையைப் பாதிக்காது என்றும் சேர்த்தது. மகிழ்ச்சி! ஆனால், திரைக்கு வெளியே இருக்கும் ஓவியர்? திருமண ஒளிப்படக்காரர்? அவருக்காகப் பேச அவையிலே ஆள் இல்லை. ஆகவே, அவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார்.

இன்னொன்றையும் கூறவேண்டும். அந்நாளைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்திலே பிறந்த இளையராஜா, 2017-இலே தம் பாட்டுகளை மேடையிலே பாடுவதற்கு இசைவு பெறவேண்டும் என்று அறிவிப்பு அனுப்பினார். எத்தனை ஏளனம், எத்தனை வசை! அவர் தொடுத்த வழக்குகளின் நுட்பங்களை நீதிமன்றங்கள் ஆராயட்டும். அவர் கேட்டதெல்லாம் சரியென்று நாம் கூற வரவில்லை. நாம் கேட்பது ஒன்றே: இசைத்தட்டு நிறுவனங்கள் வசூலித்தபோது ‘வணிகம்’ என்று வாய்மூடி இருந்தவர்கள், சிற்றூரிலே பிறந்த ஒரு படைப்பாளி கேட்டவுடன் ‘பேராசை’ என்று கூவியது ஏன்? உரிமை என்பது பெறுபவரின் பிறப்பைப் பார்த்து நிறம் மாறும் பொருளா?

*

ஓவியரை விட்டு நெசவுப் பக்கம் வருவோம். மதுரைச் சுங்குடிக்கு 2005-இலே புவிசார் குறியீடு கிடைத்தது. பாராட்டினோம். அது காப்பது எதை? ‘மதுரைச் சுங்குடி’ என்ற பெயரை! சௌராட்டிரத் தொழிலாளர் குடும்பங்களிலே, துணியை நூலால் இறுக்கி ஆயிரக்கணக்கில் முடிச்சிடுகிறாள் ஒருத்தி. சாயத்திலே தோய்த்தபின் ஒவ்வொரு முடிச்சும் ஒரு புள்ளியாக மலர்கிறது. அந்த முடிச்சுக்காரிக்குக் கிடைப்பது கூலி. அவள் கண்ட புதுக்கோலத்தை அச்சிலே வார்த்துப் பொறியால் அடித்து மலிவாகக் குவிப்பவருக்குக் கிடைப்பது இலாபம்.

பதிப்புரிமை உதவுமா? தொழில்முறையிலே ஐம்பது படிக்குமேல் எடுக்கப்பட்டால், பதிவு செய்யத்தக்க வடிவமைப்புக்குப் பதிப்புரிமை அற்றுப்போகும் என்கிறது 15-ஆம் பிரிவு. வடிவமைப்புச் சட்டம் உதவுமா? 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்தால் பத்தாண்டும், மேலும் ஐந்தாண்டும் காப்பு உண்டு. ஆனால், வெளியிடுவதற்கு முன்பே பதிவு செய்யவேண்டும். கடையிலே தொங்கவிட்டுவிட்டுக் கேட்டால் கதவு சாத்தப்பட்டிருக்கும். முடிச்சிடுகிறவளிடம் இதை யார் சொன்னார்கள்? புவிசார் குறியீட்டிலேகூட, உற்பத்தி செய்பவர் தாமே விண்ணப்பித்து அங்கீகாரம் பெற்ற பயனாளராகப் பதிவு செய்துகொள்ள வழி இருக்கிறது. அதை அவள் வாயிலுக்குக் கொண்டுபோனவர் யார்? விழா எடுத்தோம், விளம்பரம் செய்தோம், விளக்கம் சொல்ல மறந்தோம்!

*

இகழ்ந்துரைப்பதோடு நின்றால் பயனில்லை. செய்யவேண்டியவற்றைக் கூறுவோம்.

சட்டம் திருந்தும்வரை, சட்டத்திலே இருக்கும் வழியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ‘மாறான உடன்பாடு இல்லாதபோது’ என்றல்லவா விதி இருக்கிறது? அந்த உடன்பாட்டை உண்டாக்குங்கள். பற்றுச்சீட்டிலே மூன்று வரி போதும்: இந்தப் படம் இன்ன பயனுக்கு மட்டும், பதிப்புரிமை ஓவியருக்கே, வேறு பயனுக்கு வேறு தொகை. வேலையைத் தொடங்கும் முன்பே கீழே இருவரும் கையெழுத்திட வேண்டும். நீங்கள் மட்டும் எழுதி வைத்துக்கொண்டால் அது உடன்பாடாகாது. உரிமையை எழுதிக்கொடுக்க நேர்ந்தால், காலம், இடம், தொகை மூன்றையும் குறிக்கச் செய்யுங்கள். காலம் குறிக்காவிட்டால் ஐந்தாண்டு, இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்று 19-ஆம் பிரிவு உங்கள் பக்கம் நிற்கிறது. வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதியிராதபோது, உரிமை உங்களிடமே திரும்பும். பதிவு செய்யாவிட்டால் உரிமை இல்லை என்று மிரட்டுவோரை நம்பாதீர்கள். பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமன்று. வழக்கிட நேர்ந்தால், எதிரியின் ஊருக்கு ஓடவேண்டியதில்லை. நீங்கள் வாழும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம் என்று 62-ஆம் பிரிவு இடம் தருகிறது.

எல்லாம் பறிபோயினும் பறிபோகாத ஒன்றும் உண்டு. 57-ஆம் பிரிவு: இது என் படைப்பு என்று உரிமை கொண்டாடவும், பெயருக்குக் கேடு வரும்படி சிதைப்பதைத் தடுக்கவும் படைத்தவருக்கு உள்ள சிறப்புரிமை. டில்லி விஞ்ஞான பவனத்திலே அமர்நாத் செகல் என்ற சிற்பி ஆக்கிய வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-இலே பெயர்த்தெடுத்துக் கிடங்கிலே போட்டது நடுவண் அரசு. கிழவர் விடவில்லை. 2005-இலே டில்லி உயர்நீதிமன்றம், சிற்பத்தைத் திருப்பிக்கொடு, ஐந்து இலட்சம் ரூபாய் இழப்பீடும் கொடு என்று தீர்ப்பளித்தது. அரசையே அசைத்த பிரிவு, துணிக்கடையை அசைக்காதா? மூலையிலே வெட்டப்பட்ட கையெழுத்தை மீண்டும் கேட்க, மாசி வீதி ஓவியருக்கு வழி இருக்கிறது.

ஆனால், சீட்டு எழுதுவது தற்காப்பு, நீதி ஆகாது. பசித்தவன் பேரம் பேச முடியாது. “கையெழுத்தா? அப்படியானால் அடுத்த தெருவிலே வேறொருவன் வரைவான்” என்று முதலாளி எழுந்துவிட்டால், சீட்டு கிழியும், உலை கொதிக்கவேண்டுமே! ஆகவே, திருந்தவேண்டியது சட்டம். ஓவியத்துக்கும் ஒளிப்படத்துக்கும் உள்ள அந்த விதிவிலக்கு நீங்கவேண்டும். குடும்பப் படங்களுக்கு மறைவுக் காப்பு வேண்டும். திரைப் பாட்டெழுதுவோருக்குக் கொடுத்ததுபோல, எழுதிக்கொடுத்தாலும் பறிபோகாத பங்கு, அச்சேறும் படத்தைத் தீட்டியவருக்கும் வேண்டும். சுங்குடி முடிச்சிடும் பெண்ணின் பெயர் பயனாளர் பதிவேட்டிலே ஏறவேண்டும்; ஏற்றுவது அரசின் கடமையாக வேண்டும்.

இளைஞர்களே! உங்கள் தெருவிலே ஓர் ஓவியர் இருப்பார். ஓர் ஒளிப்படக்காரர் இருப்பார். ஒரு முடிச்சுக்காரி இருப்பாள். இந்த வாரம் அவரிடம் செல்லுங்கள். 17-ஆம் பிரிவைப் படித்துக் காட்டுங்கள். மூன்று வரிச் சீட்டை அச்சிட்டுக் கொடுங்கள். மன்றத்தின் விழாவுக்கு நாமே படம் வரையச் சொல்கிறோமே, முதல் சீட்டிலே நாமே கையெழுத்திடுவோம். படத்தின் கீழே வரைந்தவர் பெயரை அச்சிடுவோம். ஊருக்கு உரைக்குமுன் நம் கை தூய்மையாகட்டும்.

நக்கீரர் பாட்டின் பொருளிலே குற்றம் கண்டார். நெற்றிக்கண்ணுக்கும் அஞ்சாமல் நின்றார் என்று போற்றுகிறோம். போற்றுவது போதாது. அவர் கேட்க மறந்த கேள்வியை நாம் கேட்போம். பாட்டிலே குற்றம் இருக்கட்டும், இல்லாதிருக்கட்டும் – இந்தப் பாட்டை எழுதியவன் எங்கே? அவனைக் கூப்பிடு, கிழியை அவன் கையிலே கொடு!